ஆப்பிரிக்காவின் அபிவிருத்தியும் குடிமக்கள் சங்கங்களும்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மேரு மலையின் அடிவாரத்தில் அமைந்த அருஷா நகரத்தில், இருபத்து மூன்று வருஷ இடைவெளியில், ஒரே வினாவுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு விடைகள் வெளியிடப்பட்டன. 1967-இன் தொடக்கத்தில் அங்கே கூடிய, டான்ஸானியத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் கட்சி, தேசத்தின் முன்னேற்றம் அந்நியர் பணத்தை நம்பாது சொந்த ஜனங்களின் உழைப்பையே நம்பி நிற்க வேண்டும் என்றும், அவ்வுழைப்பை ஒருமுகப்படுத்தும் பொறுப்பு கட்சிக்கும் சர்க்காருக்கும் உரியது என்றும் பிரகடனம் செய்தது. 1990 பிப்ரவரியில் அதே நகரில், ஆப்பிரிக்க சர்க்கார்களின் பிரதிநிதிகளும் பொதுஜன ஸ்தாபனங்களும் ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனங்களும் ஒருங்கே கூடிய மகாநாடோ, கண்டத்தைப் பீடித்த நெருக்கடி பொருளாதாரம் சம்பந்தப்பட்டது மட்டுமன்று, ஜனங்கள் தமது சங்கங்களின் வாயிலாகப் பங்குகொள்ள வழியில்லாமற் போனதே அதன் தலையாய காரணங்களுள் ஒன்று என்று ஒரு சாசனத்தில் எழுதி வைத்தது.

கட்சியையும் சர்க்காரையும் வியாபாரத்தையும் சாராது ஜனங்கள் தாமே கூடி நடத்தும் சங்கங்களுக்கு, இன்றைய தலைமுறையின் தேவையை நிறைவேற்றுங்கால் நாளைய தலைமுறையின் மண்ணையும் நீரையும் அழித்துவிடாத அபிவிருத்தியில் என்ன இடம் உண்டு என்பதே அவ்வினா. அதற்குக் கூறப்பட்ட முக்கியமான விடைகளையும், அவற்றின் பிறப்பையும் குறைகளையும் பரிசீலிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ராஜ்யமே ஜனங்களின் சங்கம் என்ற கொள்கை

சுதந்திரம் பெற்ற முதல் தலைமுறைத் தலைவர்களில் பலர், தேசத்தை ஒன்றுபடுத்திய கட்சியே ஜனங்களின் பொதுச் சங்கம் என்றும், அதற்குப் புறம்பான சங்கங்கள் இனவாரியாகவோ வர்க்கவாரியாகவோ தேசத்தைப் பிளக்கக்கூடும் என்றும் உண்மையாகவே நம்பினர். காலனி ஆட்சி வரைந்த எல்லைகளுக்குள் பல மொழியினரையும் பல இனத்தவரையும் ஒரு குடையின்கீழ் வைத்திருக்க வேண்டிய நிலையில் இருந்தவர்களின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அக்கொள்கை தன் கையாலேயே தன் வேரை அறுத்துக்கொண்டதற்கு டான்ஸானியாவின் ருவூமா அபிவிருத்திச் சங்கத்தின் வரலாற்றை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தெற்கே சொங்கேயா பிரதேசத்தில், 1960-களின் தொடக்கத்தில், லிட்டோவா என்னும் கிராமத்தைத் தலையாகக் கொண்டு, உழவர் குடும்பங்கள் சில தாமே முன்வந்து கூட்டுச் சாகுபடியைத் தொடங்கின. நிலத்தைப் பொதுவில் உழுது, விளைவைப் பொதுவில் பங்கிட்டு, மாவரைக்கும் ஆலை ஒன்றையும் தமக்கென ஒரு பள்ளிக்கூடத்தையும் நடத்தி, முக்கியமான தீர்மானங்களையெல்லாம் கிராமச் சபையிலேயே எடுத்து வந்த அச்சங்கத்தில், காலப்போக்கில் பதினேழு கிராமங்கள் சேர்ந்தன. நைரேரே தமது கூட்டுறவுக் கிராமக் கொள்கைக்கு உயிருள்ள சான்றாக அதைப் போற்றினார். ஆனால் அங்கே அதிகாரம் கிராமத்தாரிடம் இருந்ததைப் பிரதேச அதிகாரிகளும் கட்சியின் தலைமைக் குழுவினரும் பொறுக்கவில்லை. 1969-இல் கட்சியே அச்சங்கத்தைக் கலைத்து, அதன் உடைமைகளைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஜனங்கள் விரும்பிச் செய்ததைக் கலைத்த அதே அமைப்பு, 1973 முதல் 1976 வரை, பல லட்சக்கணக்கான குடும்பங்களைப் பல இடங்களில் பலவந்தமாகவே புதிய கிராமங்களில் குடியேற்றியது. பழக்கமான வயல்களினின்று பெயர்க்கப்பட்டவர்கள் மண்ணின் குணமறியாத இடத்தில் உழ நேர்ந்தது. உணவு உற்பத்தி தளர்ந்தது.

நைரேரேயின் நோக்கத்தில் களங்கம் இருந்ததாக எவரும் நிரூபித்ததில்லை. நல்ல நோக்கமுடைய ராஜ்யங்கூடத் தன்னைக் கேள்வி கேட்கும் சங்கத்தோடு வாழக் கற்காவிட்டால், தான் நேசிக்கும் காரியத்தையே கெடுத்துவிடக்கூடும் என்பதுதான் ருவூமா நமக்குத் தரும் சான்று.

சிக்கன காலமும் தொண்டு ஸ்தாபனங்களின் பெருக்கமும்

இரண்டாம் விடை கடன் நெருக்கடியின்போது எழுந்தது. 1980-இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் லாகோஸில் சுயசார்பு நோக்கிய செயல்திட்டம் ஒன்றை ஏற்றனர். மறு வருஷமே, பெர்க் அறிக்கை என்று பிரசித்தி பெற்ற உலக வங்கியின் அறிக்கை, ராஜ்யத்தின் மிகையான தலையீடே நோய்க்குக் காரணம் என்று எதிர்த்திசையில் வழிகாட்டியது. கடன் வேண்டிய அரசாங்கங்கள் இரண்டாவதன்படி நடக்கலாயின. வைத்தியசாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் விவசாய ஆலோசனைக்கும் செலவிட்ட தொகை குறைக்கப்பட்டபோது ஏற்பட்ட வெற்றிடத்தில், அந்நிய நிதி பெற்ற தொண்டு ஸ்தாபனங்கள் புகுந்தன. ஊழல் மலிந்த சர்க்காரைவிட இவை ஏழைகளை விரைவாகவும் குறைந்த செலவிலும் அடையக்கூடியவை என்ற அபிப்பிராயம் பரவியது. 1989-இல் வெளிவந்த உலக வங்கியின் நெடுங்கால ஆய்வும், ஆட்சிமுறையின் சீர்கேட்டைச் சுட்டி, இத்தகைய ஸ்தாபனங்களுக்கு மேலும் இடம் தரக் கோரியது.

அதற்கு அடுத்த வருஷம் எழுந்த அருஷா சாசனத்தையும் இதே அலையின் பகுதியாகக் கொள்வது பொதுவான பழக்கம். அது முழுவதும் சரியன்று என்று தோன்றுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணைக்குழுவின் செயலாளராக இருந்து அம்மகாநாட்டுக்கு வழிகோலிய நைஜீரியரான அடெபாயோ அடெடேஜி, சிக்கனத் திட்டங்களை இடையறாது எதிர்த்து, 1989-இல் அவற்றுக்கு மாற்றான ஒரு திட்டத்தையே வகுத்தளித்தவர். வங்கி, சர்க்கார் கைவிட்ட சேவையை ஏற்று நடத்துவோராகச் சங்கங்களைக் கண்டது. அடெடேஜியும் அவருடன் நின்றவர்களுமோ, சர்க்காரையும் வங்கியையும் ஒருங்கே கணக்குக் கேட்பவர்களாக அவற்றைக் கண்டனர். 1992-இல் ரியோ நகர மகாநாடு மகளிர், உழவர், தொழிலாளர் முதலிய ஒன்பது பெரும் பிரிவினருக்கு அபிவிருத்தி ஆலோசனையில் இடம் வகுத்தபோது, இந்த இரண்டு கருத்துகளும் ஒரே வாசகத்துக்குள் குடிபுகுந்துவிட்டன. ‘பங்கேற்பு’ என்று எல்லோரும் பேசினர். பொருள் அவரவர்க்கு வேறாக இருந்தது.

ஐயுற்றவர்களின் வாதங்கள்

இச்சங்கங்களின் மீதுள்ள நம்பிக்கையை ஆப்பிரிக்க அறிஞர்களே வன்மையாகச் சோதித்துள்ளனர். நைஜீரியரான பீட்டர் எக்கே 1975-இலேயே எழுதிய கட்டுரையில், காலனி ஆட்சி இரண்டு பொதுவெளிகளை விட்டுச் சென்றது என்றார். ஊரையும் இனத்தையும் சார்ந்த பொதுவெளிக்கு மனிதன் தன் பொருளை மனமுவந்து கொடுக்கிறான். சர்க்காரைச் சார்ந்த பொதுவெளியிலிருந்து கூசாமல் எடுத்துக்கொள்கிறான். அவ்வாறாயின், வெளிநாட்டுப் பாணியில் பதிவு பெற்று நகரத்தில் அலுவலகம் நடத்தும் ஸ்தாபனத்துக்கு இவ்விரண்டில் எதன் ஒழுக்கம் பொருந்தும் என்பது நியாயமான ஐயமே. உகாண்டாவைச் சேர்ந்த மஹ்மூத் மம்தானி 1996-இல் வெளியிட்ட நூலில், காலனி காலத்தில் நகரவாசிகளான குடியேறிகளே பிரஜைகளாக இருந்தனர், கிராமத்தார் தலைவர்களின் கீழ்க் குடிபடைகளாக வைக்கப்பட்டனர், சுதந்திரம் நிறபேதத்தை நீக்கியபோதிலும் கிராமத்தை அந்த நிலையிலிருந்து விடுவிக்கவில்லை என்று வாதித்தார். தலைநகரிலுள்ள சங்கங்களோடு ஆலோசித்துவிட்டு ஜனங்களோடு ஆலோசித்ததாகக் கூறுவோர் எதிர்கொள்ள வேண்டிய வாதம் இது.

எல்லாவற்றிலும் கடுமையான விமர்சனம் டான்ஸானியாவின் சட்ட அறிஞர் இஸ்ஸா ஷிவ்ஜியுடையது. தொண்டு ஸ்தாபனங்கள் வரலாற்றையும் கொள்கையையும் அரசியலையும் பற்றி மௌனம் சாதித்து, எதை எதிர்ப்பதாக எண்ணுகின்றனவோ அந்தப் பொருளாதார அமைப்புக்கே தம்மை அறியாமல் துணைபோகின்றன என்றார் அவர். நில உரிமைக்கான ஒரு ஸ்தாபனத்தைத் தாமே நிறுவி நடத்தியவர் ஆதலால், இது வெளியிலிருந்து எறியப்பட்ட கல்லன்று. லெசோத்தோவின் தாபா-ட்ஸேக்கா திட்டத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபெர்குஸன் 1990-இல் இதற்கு அணித்தான ஒரு முடிவுக்கு வந்தார்: அபிவிருத்தித் திட்டம் தோற்றாலும், வறுமையை அரசியல் வினாவாகக் காணாமல் நுணுக்கப் பிரச்சினையாகக் காட்டுவதிலும் சர்க்காரின் கையை நீட்டுவதிலும் அது வெற்றி பெற்றுவிடுகிறது என்றார்.

இவ்விமர்சனங்களின் வலிமையை ஒப்புக்கொள்ளும்போதே, அவற்றில் ஒரு பொதுக் குறையையும் காண்கிறோம். இவை பெரும்பாலும் அலுவலகமுள்ள ஸ்தாபனங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அலுவலகமில்லாத கூட்டங்கள் இவற்றின் சித்திரத்தில் மங்கலாகவே தெரிகின்றன.

சாஹெல் மண்ணில் நிகழ்ந்தவை

புர்கினா ஃபாஸோவின் வடபகுதியான யாட்டெங்காவில், ஒத்த வயதினர் கூடி வயல்வேலை செய்யும் பழைய இளைஞர் கூட்டங்கள் இருந்தன. பெர்னார் லெடெயா உயெத்ராவோகோ என்ற ஆசிரியர், புதிதாக ஒரு சங்கத்தை இறக்குமதி செய்யாமல், இக்கூட்டங்களையே அடிப்படையாகக் கொண்டு 1967 முதல் ‘நாம்’ என்னும் இயக்கத்தைக் கட்டினார். மழையில்லாத நீண்ட மாதங்களில் இளைஞர்கள் பிழைப்புத் தேடிக் கடற்கரை நாடுகளுக்குச் சென்றுவிடும் அப்பிரதேசத்தில், வறண்ட காலத்தையே வேலைக்காலமாக ஆக்குவது அவரது நோக்கம். குளம் வெட்டுதல், தானியக் களஞ்சியம் நடத்துதல், கல்வரப்பு அமைத்தல் ஆகியவை கூட்டத்தின் காரியங்களாயின.

அக்கல்வரப்பு வேலை சற்று நெருங்கிப் பார்க்கத்தக்கது. சரிவு கண்ணுக்கே புலப்படாத அந்தச் சமவெளியில் மழைநீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். சமமட்டத்தை ஒட்டிக் கற்களை வரிசையாக அடுக்கினால், நீர் தேங்கி நின்று மண்ணில் இறங்கும். மட்டம் பார்ப்பதற்கு, நம் கொத்தனார்கள் கையாளும் தண்ணீர்க் குழாயைப் போலவே, இரு நுனிகளிலும் கம்பு கட்டிய ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பிப் பயன்படுத்தினர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சில நாட்களில் அதைக் கற்றுக்கொண்டார். இறுகிப்போன தரிசில் சிறு குழிகளைத் தோண்டி எருவிட்டுக் கம்பும் சோளமும் விதைக்கும் பழைய முறையை, யக்கூபா ஸவாடோகோ என்ற உழவர், குழியை அகலமாக்கியும் கறையானை வரவழைத்து மண்ணைத் துளையிடச் செய்தும் திருத்தினார். 2018-இல் அவருக்கு உலகப் பரிசு ஒன்று வழங்கப்பட்டது. ஓர் ஆங்கிலேயத் தொண்டு ஸ்தாபனம் கல்வரப்பு வேலைக்குத் துணைநின்றது உண்மை. அது செய்த நன்மைகளுள் பெரியது, தான் கொண்டுவந்த திட்டத்தை உழவர்களின் விருப்பத்துக்கேற்ப மாற்றிக்கொண்டது.

அண்டை நாடான நைஜரில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. மராடி, ஸிண்டர் பிரதேசங்களில் உழவர்கள், வெட்டுண்டு கிடந்த மரங்களின் அடிக்கட்டையிலிருந்து ஆண்டுதோறும் துளிர்க்கும் கிளைகளை அழித்து எரிக்காமல், வலியவை மூன்று நான்கை மட்டும் விட்டு மற்றவற்றை நறுக்கிக் காக்கத் தொடங்கினர். ஹௌஸா உழவர்கள் ‘காவோ’ என்று வழங்கும், வேலமரத்தை ஒத்த மரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்துப் பயிருக்கு நிழல் மறைப்பின்றி நிற்கிறது. வறண்ட காலத்தில் தழைத்துக் கால்நடைக்குத் தீவனம் தருகிறது. ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் இவ்வாறு மரங்கள் மீண்டதை விமானப் படங்களும் செயற்கைக்கோள் படங்களும் காட்டியபோது, அறிஞர்களே வியந்தனர். கோடிக்கணக்கில் பொருள் செலவிட்டு நட்ட கன்றுகள் கருகிய தேசத்தில், நடாத மரங்கள் காடாயின.

இதன் காரணத்தைப் பற்றி ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. 1983 முதல் மராடியில் உழைத்த ஆஸ்திரேலியரான டோனி ரினாடோவின் திட்டமே தூண்டுகோல் என்பர் சிலர். ஜனத்தொகை பெருகி விறகும் நிழலும் அருகியதால் உழவர்கள் தாமே கண்ட வழி என்பர் வேறு சிலர். ஆனால் இரு சாராரும் மறுக்காத செய்தி ஒன்றுண்டு. காலனி காலச் சட்டத்தின்படி வயலில் நின்ற மரமும் சர்க்காருடையது. கிளை வெட்டிய உழவன் வனக்காவலருக்கு அபராதம் கட்ட நேர்ந்தது. ஆகவே மரத்தை வளர்ப்பதைவிடத் துளிரிலேயே கிள்ளிவிடுவது அவனுக்கு லாபமாயிருந்தது. 1980-களின் பிற்பகுதியில் சர்க்காரின் பிடி தளர்ந்து, தன் வயல் மரம் தனக்கே என்ற நம்பிக்கை நடைமுறையில் வேரூன்றிய பின்னரே பசுமை பரவியது. சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. 2007-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் அறிவித்த பெரும் பசுமைச் சுவர், கண்டத்தின் குறுக்கே 15 கிலோமீட்டர் அகலத்தில் நீளும் மரவரிசையாக முதலில் கற்பனை செய்யப்பட்டதும், பின்னர் கிராமந்தோறும் வேறுபடும் நிலச்சீரமைப்புகளின் தொகுதியாகத் திருத்தி வகுக்கப்பட்டதும், இந்த அனுபவத்தோடு சேர்த்து நோக்கத்தக்கவை.

உரிமை அதிகாரிகளிடம் இருப்பதற்கும் ஊராரிடம் இருப்பதற்கும் உள்ள இவ்வேற்றுமையே வனவிலங்குப் பாதுகாப்பிலும் தென்படுகிறது. ஸிம்பாப்வேயின் ‘காம்ப்ஃபயர்’ திட்டம் விலங்குகளின் மேலுள்ள உரிமையை மாவட்டச் சபைகளிடம் ஒப்படைத்தது. வருவாயில் பெரும்பங்கைச் சபைகளே வைத்துக்கொண்டன என்ற குறை நெடுநாள் நீடித்தது. 1996-இல் நமீபியா இயற்றிய சட்டமோ, ஊரார் அமைக்கும் பாதுகாப்புக் குழுவுக்கே அவ்வுரிமையைத் தந்தது. இன்று அத்தகைய குழுக்கள் எண்பதுக்கு மேல் உள்ளன. அங்கும் ஊர்ப் பெரியவர்களின் ஆதிக்கமும் வெளியார் அத்துமீறி மேய்ப்பதும் தீர்ந்தபாடில்லை.

எதிர்த்து நின்ற சங்கங்கள்

1977-இல் கென்யாவில் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், கிராமப் பெண்கள் நாற்றங்கால் வைத்து, நட்ட கன்று பிழைத்தால் ஒரு சிறு தொகை பெற்றனர். மரம் நடும் வரையில் சர்க்கார் அவரைப் பொறுத்துக்கொண்டது. 1989-இல் நைரோபியின் உஹூரு பூங்காவில் ஆளும் கட்சி 60 மாடிக் கட்டடம் எழுப்ப முனைந்ததை அவர் எதிர்த்தவுடன், பாராளுமன்றத்தில் ஏசப்பட்டார். இயக்கம் அலுவலகத்தினின்று வெளியேற்றப்பட்டது. கட்டடம் எழவில்லை. 1999-இல் கரூரா வனத்தைக் காக்கச் சென்று அடிபட்டவருக்கு 2004-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. சூழலைக் காக்கும் பணி எந்த இடத்தில் அரசியலாகிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வாழ்க்கை வேறில்லை. ஷிவ்ஜி குறிப்பிட்ட மௌனத்தை உடைத்த ஸ்தாபனமும் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

எல்லோருக்கும் அம்முடிவு வாய்க்கவில்லை. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில், எண்ணெயால் மாசுற்ற தம் நிலத்துக்காகப் போராடிய ஓகோனி மக்களின் இயக்கத்தை நடத்திய கென் ஸாரோ-விவா, வேறு எட்டுப் பேருடன் 1995 நவம்பர் 10-இல் தூக்கிலிடப்பட்டார். அதன் பின்னரும் வழக்கு ஓயவில்லை. லாகோஸிலுள்ள ஒரு சமூக உரிமை நிலையமும் நியூயார்க்கிலுள்ள ஒரு நிலையமும் தொடுத்த முறையீட்டின் மேல், மானிட உரிமைகளுக்கான ஆப்பிரிக்க ஆணைக்குழு 2001-இல் தீர்ப்பளித்து, நல்ல சுற்றுச்சூழலுக்கு ஜனங்களுக்குள்ள உரிமையை நைஜீரிய சர்க்கார் மீறியது என்று கூறியது. 2011-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஓரிடத்தில் நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. நிசிஸியோகென் ஓகாலே என்ற ஊரின் குடிநீரில் பென்ஸீன் நச்சு உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. சீரமைப்புக்கு 25 முதல் 30 வருஷம் ஆகலாம் என்று அது மதிப்பிட்டது. தீர்ப்புக்கும் தூய நீருக்கும் இடையே இத்தனை தூரம் இருப்பது, நியாயஸ்தலத்தை மட்டும் நம்பும் விடையின் வரம்பைக் காட்டுகிறது.

மண்டபத்தில் ஓர் ஆசனம்

இன்று மிகுதியாகப் பேசப்படும் விடை, சங்கங்களுக்குக் கண்டம் முழுவதற்குமான சபைகளில் ஆசனம் அளிப்பது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மூலச் சட்டம் இதற்கென ஒரு பொருளாதார, சமூக, கலாசாரச் சபையை விதித்தது. 2005-இல் அது தொடங்கியபோது மாத்தாயே இடைக்காலத் தலைவர். சபையில் 150 ஆசனங்கள். உறுப்பாக வரும் சங்கம் தன் வருவாயில் பாதியேனும் தன் அங்கத்தினரின் சந்தாவிலிருந்து பெற வேண்டும் என்பது நிபந்தனை. 2015-இல் ஒன்றியம் ஏற்ற ‘2063’ திட்டம் ஜனங்களை முன்னிறுத்தும் அபிவிருத்தியைத் தன் ஏழு இலட்சியங்களுள் ஒன்றாக்கியது. விக்டோரியா நீர்வீழ்ச்சி, பிராஸ்ஸவில், கிகாலி என்று ஊர் மாறி வருஷந்தோறும் கூடும் நிலைத்த அபிவிருத்தி மகாநாட்டிலும் சங்கங்களின் பிரதிநிதிகள் பேசுகின்றனர்.

ஆனால் சபையில் ஆலோசனை கூறும் அதிகாரமே உண்டு. கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. அதனினும் வருந்தத்தக்கது, மகாநாட்டில் பங்கேற்பைப் போற்றும் சர்க்கார்களே தம் தேசத்தில் அதன் வாசலைக் குறுக்கியதாகும். எத்தியோப்பியாவின் 2009-ஆம் வருஷச் சட்டம், வருவாயில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டு நிதி பெறும் ஸ்தாபனங்கள் உரிமைகளைப் பற்றிய பணியில் ஈடுபடுவதைத் தடுத்தது. பத்து வருஷம் கழித்தே அது மாற்றப்பட்டது. உகாண்டா 2021-இல் 54 ஸ்தாபனங்களை ஒரே நாளில் முடக்கியது. கென்யா 2013-இல் இயற்றிய தாராளமான சட்டம் 2024 வரை அமலுக்கே வரவில்லை. அந்நியர் பணத்தில் அரசியல் நடத்தலாகாது என்னும் சர்க்கார்களின் வாதத்தில் தத்துவ அளவில் ஒரு நியாயம் உண்டு. ஆயினும் அதே சர்க்கார்கள் தமது வரவு செலவுத் திட்டத்துக்கே அந்நிய உதவியைப் பெற்றுவந்த நிலையில், அவ்வாதம் எத்தனை பேரை இணங்கச் செய்யும் என்று தெரியவில்லை.

தீராத வினாக்கள்

இதுகாறும் பரிசீலித்த சான்றுகளிலிருந்து, தயக்கத்தோடேனும் ஒரு முடிவைக் கூறலாம். சங்கங்களை எவ்வாறு அபிவிருத்திக்குள் அழைப்பது என்று கேட்பவர், அபிவிருத்தி அழைப்போருடையது என்று முன்னமே கொண்டுவிடுகிறார். யாட்டெங்காவிலும் மராடியிலும் நமீபியாவிலும் பலன் தந்தது, நிலத்தின் மீதும் மரத்தின் மீதும் விலங்கின் மீதும் ஊராருக்கு நடைமுறையிலோ சட்டத்திலோ கிடைத்த உரிமை. லிட்டோவாவில் கெட்டது, அவ்வுரிமை பறிக்கப்பட்டதால். தென்னாப்பிரிக்காவின் ஸோலோபேனி கிராமத்தார், தம் சம்மதமின்றி டைட்டேனியச் சுரங்கத்துக்கு உரிமம் வழங்கலாகாது என்று 2018-இல் பெற்ற தீர்ப்பும், மூதாதையர் நிலத்தின் மீது அவர்களுக்குள்ள வழக்காற்று உரிமையின்மேல் நின்றதே. எனினும் இம்முடிவு முழுமையானதன்று. உரிமை ஊராரிடம் வந்தபின் ஊருக்குள்ளேயே பெண்களுக்கும் மேய்ச்சல்காரருக்கும் குடியேறியவருக்கும் பங்கு உண்டா என்பது எல்லா இடத்திலும் ஒரே விடை பெறவில்லை. ஒரு பள்ளத்தாக்கில் வென்ற முறை, அணைக்கட்டும் மின்சாரமும் போன்ற தேசிய அளவிலான காரியங்களுக்கு உதவுமா என்பதும் விவாதத்துக்குரியதே.

நிதியைப் பற்றிய வினா இப்போது அவசரமாகிவிட்டது. 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்தி, அவ்வருஷ ஜூலையில் அதன் உதவி நிறுவனத்தின் பணியையே முடித்துக்கொண்டபோது, அதை நம்பியிருந்த எண்ணற்ற ஆப்பிரிக்க ஸ்தாபனங்கள் பணியாளரை இழந்தன. பாதி வருவாய் அங்கத்தினரிடமிருந்து என்ற ஒன்றியத்தின் நிபந்தனை, சுதந்திரமாகப் பேசும் ஸ்தாபனங்களை வடிகட்டி விலக்கும் சூழ்ச்சி என்று முன்பு கண்டிக்கப்பட்டது. அக்கண்டனத்தில் இன்றும் உண்மை உண்டு, ஆனால் நிபந்தனையின் மறுபக்கமும் இப்போது தெரிகிறது. தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகளின் கூட்டமைப்பு, கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க் குடிசைவாசிகளின் தலைவரான ஜாக்கின் அற்புதத்தின் இயக்கத்தோடு 1991 முதல் உறவு கொண்டு, பெண்கள் நாள்தோறும் சேர்க்கும் சில்லறைச் சேமிப்பையும், தம் குடிசைகளைத் தாமே எண்ணிப் பதியும் கணக்கெடுப்பையும் ஆதாரமாக்கி வளர்ந்தது. 1996-இல் அவ்வுறவு சர்வதேசக் குடிசைவாசிகள் சங்கமாக விரிந்தது. அச்சங்கத்துக்கும் அந்நிய நிதி உண்டு. ஆனால் அந்நிதி நின்றாலும் தெருவிலுள்ள சேமிப்புக் குழு கூடும். கண்டம் முழுவதும் பதிவு பெறாமல் இயங்கும் இத்தகைய குழுக்கள், மகாநாட்டு மண்டபத்துக்கு வர விரும்புமா, வந்தால் தமது இயல்பை இழக்காமல் அங்கே பேச முடியுமா என்பவை இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கக் கூடியவை அல்ல.